ஐரிசு ரோசு

1983 கோடையில் ஒரு வெள்ளைக் கவுனை நான் பத்து நிமிஷம் போட்டிருந்தேன். அது என்னுடையது இல்லை. அம்மா பின்னியது. ஆனால் அம்மாவுடையதும் இல்லை.

எங்கள் ஊர் பழைய தென் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். சாம்பவர் தெருவில் கடைசியிலிருந்து மூன்றாவது வீடு. அம்மா சின்ன வயசில் மிஷன் போர்டிங்கில் கிடந்தவள். அங்கேதான் குரோஷா படித்தாள். கல்யாணமாகி வயல் வேலைக்குப் போன பிறகும் அந்தக் கொக்கி ஊசி அவள் முந்தியிலேயே இருக்கும். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் லேஸ் வியாபாரியின் ஆள் சைக்கிளில் வருவார். நூலை நிறுத்துக் கொடுப்பார், பின்னி முடித்ததை நிறுத்து வாங்குவார். கொடுத்த எடைக்கும் வாங்கிய எடைக்கும் துளி வித்தியாசம் வந்தாலும் கூலியில் பிடிப்பு. அவர் அம்மாவைவிட வயசில் சின்னவர். "ஏ பிள்ளே" என்றுதான் கூப்பிடுவார். அம்மா அவரை "ஐயா" என்பாள். இதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை ஆரம்பிக்க எனக்கு வழி தெரியவில்லை.

மேசை விரிப்பு, தலையணை ஓரம், தட்டு மூடி இவைதான் வழக்கமாக வரும் வேலை. அந்த வருஷம் ஒரு படமும், அளவு வரைந்த காடாத்துணி ஒன்றும் வந்தன. வெளிநாட்டுக்குப் போகிற கோடைக் கவுன். உடம்போடு ஒட்டி, இடுப்பில் சிறுத்து, முழங்காலுக்குக் கீழே விரிந்து, தோளிலிருந்து விளிம்பு வரை ரோஜாவும் இலையும் கொடியும். அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இத எவ போடுவா மக்களே? வலை மாதிரில்லா இருக்கு!"

பூக்களை நாலு வீட்டுப் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ரோஜா, ஒருத்தி இலை, ஒருத்தி கொடியும் மொட்டும். சேர்ப்பு வேலை அம்மாவுக்கு. அந்த ரோஜாவுக்கு அவர்கள் வைத்திருந்த பேர் "ஐரிசு ரோசு". போர்டிங்கில் சொல்லிக்கொடுத்த பேர். ஐரிஸ் என்று ஒரு துரைசானி இருந்திருப்பாள், அவள் தோட்டத்து ரோஜாவாக இருக்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது அயர்லாந்து நாட்டின் பேர் என்று நான் தெரிந்துகொண்டது கல்லூரிக்குப் போன பிறகு.

அது பின்னப்படும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் கூலியைப் பற்றிப் பேசினால் அது வெறும் புலம்பலாகிவிடும். முதலில் ஆறு செயின் போட்டு வளையமாக்க வேண்டும். வளையத்தைச் சுற்றி ஆறு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஓரத்தில் சிங்கிள், நடுவில் டபுள், மறுபடியும் ஓரத்தில் சிங்கிள். இப்படி ஆறு இதழ் வரும். அது முடிந்ததும் இதழ்களின் முதுகுப்பக்கம் இன்னும் பெரிய வளைவுகள் போட்டு இரண்டாம் அடுக்கு, அதற்கும் பின்னால் மூன்றாம் அடுக்கு. பூ துணியில் வரைந்தது மாதிரி இருக்காது, எழும்பி நிற்கும். இலைக்கு வேறு வித்தை. நாலைந்து இழையைச் சேர்த்துத் திரித்துக் கையில் பிடித்துக்கொண்டு, அதன்மேல் நெருக்கமாகச் சிங்கிள் போட்டுக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் இலையின் விளிம்பு நரம்பு மாதிரி தடிக்கும்.

பூவும் இலையும் சேர்ந்ததும், அவற்றை அந்தக் காடாத்துணியின் மேல் முகம் குப்புற வைத்து நூலோட்டிப் பிடிப்பார்கள். அப்புறம் பூவுக்கும் பூவுக்கும் நடுவே செயின் வலை. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் கடுகு மாதிரி ஒரு முடிச்சு. அம்மாவின் கெட்டிக்காரத்தனம் இந்த வலையில்தான் இருந்தது. இடுப்பு வரும் இடத்தில் ஏழு செயின் வளைவை ஐந்தாக்குவாள், ஐந்தை மூன்றாக்குவாள். இடுப்பைத் தாண்டியதும் மூன்று மறுபடி ஐந்தாகும், ஏழாகும். கத்தரி பட வேண்டியதில்லை, தையல் விழ வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் உடம்பு வளைவு முழுக்க அந்த எண்ணிக்கையிலிருந்து வரும். நோட்டில் எழுதி வைத்துப் போடுகிற கணக்கும் இல்லை. அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள்.

கடைசியில் நூலோட்டத்தை அறுத்துக் காடாவை உருவியதும் கவுன் தனியாக நின்றது. அளவு பார்க்க ஓர் உடம்பு வேண்டும். எனக்கு அப்போது பதினாறு வயசு. கதவைச் சாத்திவிட்டு என்னைப் போடச் சொன்னார்கள். உள்ளே பழைய பாவாடையும் ஜம்பரும், மேலே அந்த ரோஜாக்கள். நாலு பெண்களும் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, "மாதா மாதிரி இருக்கா" என்றாள். அம்மா மட்டும் இடுப்புப் பக்கம் குனிந்து வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் கழற்றி, வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்துவிட்டாள்.

அந்த ஆள் வந்து வாங்கி மோந்து பார்த்தார். "உங்க வீட்டு வாடை அடிக்குது" என்றார். புகை வாடையாம். நாலு பேருக்குமாகப் பேசியிருந்த 80 ரூபாயில் பாதியைப் பிடித்துக்கொண்டு, வெளுத்து அனுப்பிக்கொள்கிறேன் என்று கவுனையும் எடுத்துக்கொண்டு போனார். ஐந்து வாரத்து மத்தியானமும் இரவும் ஆளுக்குப் பத்து ரூபாய். அம்மாவுக்கு அப்போது வயலில் ஒருநாள் கூலி எட்டு ரூபாய். எங்கள் தெருவுக்கு வெளியேயும் எல்லா வீட்டிலும் விறகடுப்புதான் எரிந்தது. அந்த வீடுகளில் பின்னிய சாமானையும் அவர் மோந்து பார்த்தாரா என்று கேட்க அன்றைக்கு எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்த ரோஜா எங்கிருந்து எங்கள் தெருவுக்கு வந்தது என்று தேட ஆரம்பித்தது இப்படித்தான்.

குரோஷே என்றால் பிரெஞ்சு மொழியில் சின்னக் கொக்கி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அது ஐரோப்பாவில் பணக்கார வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காக இருந்தது. அது பிழைப்பாக மாறியது அயர்லாந்தில், பஞ்சத்தில். 1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. குத்தகைக் குடியானவனுக்குச் சோறு என்றால் உருளைக்கிழங்குதான். விளைந்த தானியமும் கால்நடையும் வெண்ணெயும் வாரக்காரனுக்கும் ஏற்றுமதிக்கும் போய்க்கொண்டேயிருந்தன. சில வருஷத்துக்குள் சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். உடுதுணியையும் அடகு வைத்த குடும்பங்கள் ஏராளம்.

அந்த வருஷங்களில் கார்க் நகரத்துக்குப் பக்கத்தில் பிளாக்ராக் என்ற இடத்து உர்சுலின் கன்னியர் மடத்தில் ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். 1847இல் மோனகன் மாவட்டத்துக் குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கஸாண்ட்ரா ஹேண்ட் இதையே ஆரம்பித்தார். அந்த ஊர்ப் பேரிலேயே 'குளோன்ஸ் லேஸ்' பிரபலமானது. வெனிஸ் நகரத்தில் தையலூசியால் மாதக்கணக்கில் செய்த எழும்பிய பூ லேஸைப் பார்த்து, கொக்கி ஊசியால் சீக்கிரத்தில் செய்துவிடுகிற வழி இது. முதலீடு என்று ஒன்றும் வேண்டாம். நூல் உருண்டையும் கம்பியை வளைத்துக் கட்டையில் செருகிய ஒரு கொக்கியும் போதும். பட்டினி கிடக்கிறவள் கையில் கொடுக்க இதைவிட மலிவான தொழில் ஏது?

அங்கேயும் பூவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு குடும்பம் ரோஜா, ஒரு குடும்பம் திராட்சைக்குலை, ஒரு குடும்பம் மூவிலை. தங்கள் பூவின் கணக்கைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடக் காட்டாமல் மறைத்து வைத்தார்கள். அது பேராசையில்லை. அந்தப் பூதான் அவர்களுக்கு நிலம். சேர்ப்பு வேலை வேறு கைகளில் நடந்தது. துணியில் அளவு வரைந்து, பூவைக் குப்புற வைத்து நூலோட்டி, வலை பின்னி உருவுவது. எங்கள் திண்ணையில் நடந்தது அப்படியே அது. குடிசைகளில், சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த மண்கட்டியைத்தான் எரிப்பார்கள். அந்தப் புகையில் பழுப்பேறிய லேஸைத் துவைத்து வெளுத்துத்தான் கடைக்கு அனுப்பினார்கள். இந்த வரியைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அயர்லாந்தில் நம்மூர்ச் சாதி கிடையாது. பசியில் ஒன்று, வாடையில் ஒன்று என்று எல்லா ஒடுக்குமுறையையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிற வேலையை நான் செய்யப் போவதில்லை. குரோஷாக் காசைச் சேர்த்துக் கப்பல் டிக்கெட் வாங்கி அமெரிக்கா போன ஐரிஷ் பெண், அங்கே இறங்கியதும் வெள்ளைக்காரிதான். சாம்பவர் தெருப் பெண் எந்தக் கப்பலில் ஏறினாலும் சாதியும் கூட ஏறும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் சொல்வார்கள்.

ஆனால் வரலாறு எழுதும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஐரிஷ் குரோஷாவைக் கண்டுபிடித்தவர் என்று புத்தகங்கள் ஒரு பேரைச் சொல்கின்றன: எலியனோர் ரீகோ டி லா பிரான்ஷார்டியர். இவர் லண்டனிலிருந்து 1840கள் தொடங்கிப் பின்னல் புத்தகங்களாக வெளியிட்டவர். திறமைசாலிதான், மறுக்கவில்லை. கஸாண்ட்ரா ஹேண்டின் பேர் இருக்கிறது. கார்க்கில் பள்ளி நடத்தி 1865இல் லேஸ் பெண்களைப் பற்றிப் புத்தகம் போட்ட சூசன்னா மெரிடித்தின் பேர் இருக்கிறது. புத்தகம் போட்டவள், பள்ளி நடத்தியவள், பாதிரியாரின் பெண்டாட்டி மூவருக்கும் பேர் உண்டு. பின்னியவளுக்கு இல்லை. விக்டோரியா ராணியும் குரோஷா போடுவார். 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் வீரம் காட்டியவர்களுக்கென்று காக்கிக் கம்பளி நூலில் தன் கையாலேயே கழுத்துத்துணி பின்னினார். மொத்தம் எட்டு. எட்டுக்கும் கணக்கு இருக்கிறது. ஒன்று ஆஸ்திரேலியாவில் கான்பெராவிலுள்ள போர் நினைவகத்தில் இருக்கிறது. கம்பளித் துண்டு எட்டுக்கு இவ்வளவு பதிவு!

1900க்குப் பிறகு இந்த லேஸ் பாரிஸ் வரைக்கும் பெரிய மோஸ்தரானது. கழுத்துப்பட்டை, கைவிளிம்பு என்று இருந்தது முழுக்கவுனாக, முழுக்கோட்டாக வளர்ந்தது. வெயில்காலத் தோட்ட விருந்துக்கு வெள்ளை உடை உடுத்துவது அன்றைய பணக்காரப் பெண்களின் வழக்கம். உள்ளே எலும்புக்கூடு மாதிரிக் கச்சை இறுக்கி, அதன்மேல் வழுவழுப்பான உள்ளாடை போட்டு, அதற்குமேல் உடம்போடு ஒட்டும் ஐரிஷ் குரோஷாக் கவுன். வெள்ளை என்பதே ஒரு அறிவிப்பு. நான் அடுப்பருகே போக வேண்டியதில்லை, மண்ணைத் தொட வேண்டியதில்லை, என் துணியைத் துவைக்க வேறொருத்தி இருக்கிறாள் என்பதுதான் அந்த அறிவிப்பு. 1914இல் உலகப்போர் வந்ததும் அந்த மோஸ்தர் விழுந்தது. பின்னியவர்களின் பிழைப்பும் அதோடு போனது.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். அம்மா படித்த போர்டிங்குக்கு முன்னோடி எது?

குமரி மண்ணில் சீர்திருத்தக் கிறிஸ்தவ மிஷன் நுழைந்ததே மயிலாடியைச் சேர்ந்த பறையர் ஒருவர் மூலம். மகாராசன் வேதமாணிக்கம், தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். அவர் கூப்பிட்டுத்தான் 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் திருவிதாங்கூருக்குள் வந்தார். அவருக்குப் பின் வந்தவர்களில் மால்ட் தம்பதி 1819இல் நாகர்கோவிலில் குடியேறினார்கள். மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி நடத்தி, 1821இல் லேஸ் வேலையை ஆரம்பித்தார். இது குரோஷா இல்லை. இரண்டையும் குழப்பிவிடக் கூடாது. இது திண்டின்மேல் குண்டூசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் போடும் திண்டு லேஸ். தமிழில் ரேந்தை என்கிற வார்த்தை அதற்கும் முந்தியது, போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. கொக்கி ஊசி வேலை மிஷன் பள்ளிகளுக்குள் பிறகு வந்தது. ஆனால் அது வந்து உட்கார்ந்த திண்ணை மார்த்தா மால்ட் போட்டது. வேலை வாங்குவதும், நூல் கொடுப்பதும், துரைசானிமார் வழியாக ஊர் ஊராக விற்பதுமான ஏற்பாடும் அங்கே தொடங்கியதுதான்.

அந்தப் பள்ளியில் உட்கார்ந்து லேஸ் பின்னிய பிள்ளைகளில் அடிமைகளும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள், வாடகைக்கு விடப்பட்டார்கள். அரசு அடிமை முறையை ஒழித்தது 1855இல். அதற்கு முன்னாலேயே, லேஸ் விற்ற காசைச் சேர்த்துச் சில அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் எழுதுகின்றன. ஒரே ஒரு வாக்கியம்தான், துரைசானியின் நல்ல மனசுக்குச் சாட்சியாக எழுதப்பட்ட வாக்கியம். நான் அதைத் தலைகீழாகப் படிக்கிறேன். ஒரு பெண் தன் உடம்புக்கு இன்னொருத்தன் வைத்த விலையை முழம் முழமாகப் பின்னிக் கட்டியிருக்கிறாள். எத்தனை முழம்? எத்தனை வருஷம்? விடுதலையாகி எந்தத் தெருவுக்குப் போனாள்? அவள் பேர் என்ன? லேஸ் யார் மூலம் விலைபோனது என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இது தோன்றவில்லை.

இதே நாகர்கோவிலைச் சுற்றி, இதே வருஷங்களில்தான் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. 1822இல் தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு எரிந்த நெருப்பு அது. மார்பை மறைத்த நாடார் பெண்களின் ரவிக்கையைச் சந்தையில் கிழித்தார்கள், கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் கொளுத்தினார்கள். கிறிஸ்தவப் பெண்களுக்கென்று ஒரு தொளதொள குப்பாயத்தை மிஷன் துரைசானிமார்தான் வடிவமைத்துக் கொடுத்தார்கள். குப்பாயம் உடம்பை மறைக்க வேண்டும், ஆனால் மேல்சாதிப் பெண்ணின் தோள்சீலை மாதிரி இருந்துவிடக் கூடாது. பொருத்தமாக இருக்கக் கூடாது என்பதே அதன் பொருத்தம்! அதே பள்ளிக்கூடத்தில், அதே கைகள், வெள்ளைக்காரிகளின் கழுத்துக்கும் கைக்கும் பொருந்துகிற லேஸைப் பின்னிக்கொண்டிருந்தன. கிழிக்கப்படக்கூடிய குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு, ஒருத்தரும் தொடத் துணியாத சட்டைக்கு ஓரம் கட்டியிருக்கிறார்கள்.

1859 அறிவிப்பு என்ன சொன்னது? சாணார் பெண்கள், அதாவது இன்றைய நாடார் பெண்கள், குப்பாயம் போடலாம், முரட்டுத்துணியால் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. அந்தப் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இந்த மண்ணின் பெண்கள் ரத்தம் சிந்தி வாங்கியது. ஆனால் அந்த அறிவிப்பில் புலைச்சி இல்லை, பறைச்சி இல்லை. விழா எடுக்கிறவர்கள் இந்த இடத்தில் சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கல்லுமாலையைத் தவிர வேறு நகை போடக் கூடாது என்றிருந்த புலையர் பெண்கள், அந்த மாலையை அறுத்தெறிய 1915 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில், அய்யன்காளியின் காலத்தில், அதற்கும் குடிசைகள் எரிந்தன.

ஆக, இந்தக் கை வேலையில் விடுதலையும் இருந்தது, சுரண்டலும் இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு துரைசானியைக் கும்பிடுவதும், மறு கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் ஏகாதிபத்தியச் சதி என்பதும் எனக்கு ஒத்துவராது. அம்மாவுக்கு எழுத்தும் ஊசியும் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்தன. வேறு எந்தக் கூரைக்குக் கீழேயும் அவளை விட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் தெருவில் நான் பார்த்ததுக்கு ஒரு விளக்கம் கிடைத்தது ஆந்திரத்திலிருந்து. கோதாவரி டெல்டாவில் நரசாப்பூர் வட்டாரம் குரோஷா லேஸுக்குப் பேர்போனது. அங்கேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன்தான் கொண்டுவந்தது. முதலில் பின்னியவர்கள் கிறிஸ்தவர்களான மாலா, மாதிகா பெண்கள். ஏற்றுமதி பெருகியதும் கடனில் விழுந்த காப்பு சாதிச் சிறு விவசாயிகளின் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் கடைசியில் அங்கே தங்கி ஆய்வு செய்து, 1982இல் 'நரசாப்பூரின் லேஸ் பெண்கள்' பற்றிப் புத்தகம் வெளியிட்டார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் இந்த வேலையில் இருந்ததாக அன்றைய மதிப்பீடு. பூ போடுகிறவள் வேறு, அதுக்குப்பணி என்கிற ஒட்டு வேலை செய்கிறவள் வேறு. ஏஜெண்டுக்கு மேல் ஏஜெண்டு, அதற்கு மேல் ஏற்றுமதிக்காரர். இத்தனைக்கும் இந்தப் பெண்களுக்குத் 'தொழிலாளி' என்று பேரில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற குடும்பப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை என்று வியாபாரிகள் சொன்னார்கள். பலசமயம் அந்தப் பெண்களே அப்படித்தான் சொன்னார்கள்.

மீஸ் சொல்லும் ஒரு விஷயத்தை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். நாள் முழுக்க லேஸ் பின்னிய காப்புப் பெண்ணின் வருமானம், வயலுக்குப் போன தலித் பெண்ணின் கூலியைவிடக் குறைவு. வயலுக்குப் போகிறவள் ஊருக்குள் நடமாடுவாள், கூட்டமாகப் பேசுவாள், கூலி கேட்டுச் சண்டை போடுவாள். வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னுகிறவளுக்கு அது முடியாது. ஆனாலும் மதிப்பு உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான். வெயிலில் போகாமல் இருப்பது சாதிப் பெருமை. அந்தப் பெருமையைக் கூலியிலிருந்து பிடித்துக்கொண்டார்கள் வியாபாரிகள்! எங்கள் அம்மாவுக்குப் பெருமையும் கிடையாது, ஓய்வும் கிடையாது. வயல் முடிந்து வந்து விளக்கடியில் பின்னினாள். ஆனால் கூலி மட்டும் சும்மா இருந்தவளுக்குக் கொடுக்கிற கூலி. நரசாப்பூர் குரோஷாவுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பேர் வந்திருக்கிறது. நல்லதுதான். கைகளுக்குப் பேர் வர எந்தக் குறியீடு வேண்டுமோ தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பளிச் சட்டை பின்ன மெஷின் இருக்கிறது, லேஸ் நெய்யவும் மெஷின் இருக்கிறது. ஐரிஷ் குரோஷாவைப் பார்த்து 1880களிலேயே சுவிட்சர்லாந்திலும் சாக்சனியிலும் மெஷினில் நகல் எடுத்தார்கள். துணிமேல் பூவேலை செய்து, பிறகு அந்தத் துணியை ரசாயனத்தில் கரைத்துவிடுவார்கள். வலை மட்டும் மிஞ்சும். பார்க்கத்தான் குரோஷா. உண்மையான குரோஷாக் கவுனை ஆலையில் செய்துதள்ளும் மெஷின் இன்றுவரை வரவில்லை. குரோஷா மெஷின் என்று விற்பது வேறு வகைப் பின்னல். காரணம் கொக்கியின் சுதந்திரம். ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் உயிரோடு இருக்கும். அடுத்த குத்து முன்னாலோ பின்னாலோ முதுகுப்பக்கமோ எங்கே வேண்டுமானாலும் விழலாம். கைதான் தீர்மானிக்க வேண்டும். ஆகவே இன்றைக்குப் பெரிய கடையில் சல்லிசாகத் தொங்குகிற நிஜமான குரோஷாக் கவுன் ஒவ்வொன்றையும் எங்கோ ஒருத்தி உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் போட்டிருக்கிறாள். விலை குறைந்திருந்தால் அது மெஷின் மிச்சம் பிடித்த காசு இல்லை. பூவைப் பார்க்கிறவர்கள் ஒருநிமிஷம் அந்த விலைச்சீட்டையும் திருப்பிப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. அந்தக் கவுனுக்குப் போட்டதில் கணக்குக்கு மேல் வந்துவிட்ட ஒரு ரோஜா அவள் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. மூன்றாம் அடுக்கு நசுங்கி, பழுப்பேறிவிட்டது. போன மாதம், 1908 வாக்கில் செய்த ஒரு ஐரிஷ் கவுனின் படத்தை போனில் பெரிதாக்கி அவளிடம் காட்டினேன். இந்த மாதிரிக் கவுன்களுக்கு அருங்காட்சியகங்களில் எழுதுகிற குறிப்பு எல்லாம் ஒரே மாதிரிதான்: நாடு, சுமாரான வருஷம், நூல் வகை. செய்தவர் தெரியவில்லை. அதையும் படித்துக் காட்டினேன்.

"ஐரிசு ரோசுல்லா!" என்றாள். போனை வாங்கி மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, இடுப்புப் பக்கத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வளைவுகளை எண்ணினாள் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. பிறகு தோள்பக்கத்துக்குப் போனாள்.

"தெரியலைன்னா எழுதியிருக்கான்?"

"ஆமா."

"இது ஒரு கை இல்ல மக்களே. மூணு கை. இந்தா, இந்த ரோசு போட்டவ நிதானமா போட்டிருக்கா. வலை போட்டவ நல்ல வேலைக்காரி. இந்த இலை இருக்கில்லா, இவ இறுக்கி இழுத்திருக்கா பாரு. ராத்திரி போட்டிருப்பா. துட்டுக்கு அவசரம் போல."